விலை போகாத ரைபிள்

என் மகனுக்கு,

பம்பாயிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்து பல நாள் ஆகிவிட்டது. உடனே பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கோபமும் இல்லை. கோபம் பிறகுதான் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். விசா வந்துவிட்டது, ஏஜெண்டுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கு வீட்டில் சும்மா கிடக்கும் ரைபிளை விற்று அனுப்புங்கள், ஊருக்கு வந்துபோக நேரமில்லை, இங்கிருந்தே விமானம் ஏறிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நாலு வரிக் கடிதம். அதில் ஒரு வரி அம்மாவின் உடம்பை விசாரித்திருந்தாய். உன் நாலு வரிக்கு நான் நாற்பது வரி எழுதுகிறவன் என்று உனக்குத் தெரியும். இந்த முறை அதையும் தாண்டிப் போகும். நின்றுகொண்டு படிக்காதே. தங்கியிருக்கும் அறையில் மற்றவர்கள் வெளியே போன பிறகு, உட்கார்ந்து, முழுக்கப் படி.

ரைபிளை விற்பது என்றால் தங்கத்தை விற்பது போல் தட்டில் வைத்து எடை போடுகிற காரியம் இல்லை. வாங்குகிறவனிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய இரும்பு, அதைப் பழைய இரும்புக் கடையிலும் போட முடியாது, போட்டால் போலீஸ் வரும். லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் நம் தாலுக்காவில் எத்தனை பேர்? அவர்களில் நம்முடையதைப் போன்ற விலை குறைந்த ரைபிளைக் கேட்கிறவர்கள் எத்தனை பேர்? காட்டு விலங்கைச் சுடக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு, இருக்கிறவர்களே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கப் பார்க்கிறார்கள். நீ பம்பாயில் இருந்துகொண்டு நாம் வாங்கிய விலையை நினைத்து எழுதிவிட்டாய். வாங்கிய விலை என்று ஒன்று நம் மனதில் மட்டும்தான் இருக்கும், சந்தையில் கிடையாது. இதை நான் பீங்கான் வியாபாரத்தில் பலமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதை நாம் வாங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். மணிமுத்தாற்றுக்கு அக்கரையில் இருந்த நம் மணிலாக்கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கி, கடலை காய் பிடிக்கிற சமயத்தில் வரிசை வரிசையாகக் கிளறிப் போட்டுவிட்டது. பயிர்க் காவலுக்கு என்று கடலூருக்கு நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கினேன். புதிது வாங்க வசதி இல்லை. கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு விவசாயி தன்னிடம் இருந்ததை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஒரு தோட்டா போட்டு ஒரு தடவை சுடுகிற சாதாரண ரைபிள். முயலுக்கும் கௌதாரிக்கும் போதும், பன்றியை விரட்டலாம், கொல்வது சிரமம். பெரிய மனிதர்கள் வீட்டுச் சுவரில் மாட்டுகிற சாமான் இல்லை அது.

எனக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்? சூளை போட்டு டீ கப்பும் ஊறுகாய் ஜாடியும் செய்கிறவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் பரிசோதித்தேன். ரைபிளைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து விரல் கணுவால் தட்டினேன். சூளையிலிருந்து இறக்கிய கப்பை நாம் அப்படித்தானே பார்க்கிறோம்? கணீரென்றால் நல்ல கப்பு, மொத்தென்றால் எங்கேயோ கீறல். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயா, இது ஜாடி இல்லீங்க. தட்டுனா ஒண்ணும் சொல்லாது. குழல வெளிச்சத்துல புடிச்சி உள்ள பாருங்க" என்றார். பார்த்தேன். உள்ளே திருகாணி வரி போலப் புரி சுற்றிச் சுற்றிப் போவது தெரிந்தது. துரு தின்ற இடம் புள்ளி புள்ளியாக இருக்கும், அது இல்லாவிட்டால் நல்லது என்றார். தோட்டா போடும் வாயை மூடுகிற போல்ட்டை இழுத்துத் தள்ளி எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும், கட்டையும் இரும்பும் சேர்கிற கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும் என்றெல்லாம், விற்கிறவரே வாங்குகிறவனுக்குப் பாடம் நடத்தினார். அப்படிப்பட்டவரிடம் பேரம் பேச எனக்கு வெட்கமாகப் போயிற்று.

பேச்சு முடிந்ததும் அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவரோடு வேட்டைக்குத் துணை நடக்கிற ஆள் ஒருவர் வந்தார். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, நீ கேள்விப்பட்டிருப்பாய். துப்பாக்கியை விற்கிறவன் கையிலிருந்து வாங்க மாட்டார்கள். அதோடு கூட நடந்தவன் கையிலிருந்துதான் வாங்குவார்கள். அவன் இரண்டு கையாலும் அதைத் தூக்கி, "இது மனுசனத் தொட்டதில்ல" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். தொட்டிருந்தால் அவன் தூக்க மாட்டான், வாங்க வந்தவன் எழுந்து போய்விடுவான், விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வர மாட்டான். ஆளைத் தொட்ட துப்பாக்கி இன்னொரு ஆளைக் கேட்கும் என்று ஒரு பயம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் சொந்தக்காரன் பொய் சொல்லலாம், கூலிக்கு நடக்கிறவனுக்குப் பொய் சொல்ல என்ன அவசியம் என்று யாரோ யோசித்துத்தான் இந்த வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த ஆள் தூக்கிக் கொடுத்தார், நான் வாங்கி வந்தேன்.

நான் அதை ஒழுங்காகச் சுடக் கற்றுக்கொள்ளவே இல்லை. நீதான் கற்றுக்கொண்டாய். லைசென்ஸ் என் பெயரில் இருக்க, அதை உன் கையில் கொடுக்கக் கூடாது என்று தெரிந்தும் கொடுத்தேன். கல்லூரி விடுமுறையில் வந்தால் ஞாயிறு தவறாமல் விடியற்காலையில் நீயும் கொளஞ்சியும் முந்திரித் தோப்புப் பக்கம் கிளம்பிவிடுவீர்கள். கொளஞ்சி நம் சூளைக்குக் களிமண் வெட்டிக் கொடுக்கிறவன், உன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவன், ஆனால் உன்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பி, தம்பி என்றுதான். நீ முன்னே, அவன் பின்னே. திரும்பும்போது முயலைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முன்னே, நீ ரைபிளோடு பின்னே. உன் அம்மா மிளகு அரைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவனுக்கு ஒரு பங்கு தூக்குவாளியில் போகும். அந்த நாட்களில் நம் வீடு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

பிறகு நீ வேட்டைக்குப் போவதை நிறுத்திவிட்டாய். நான் காரணம் கேட்டேன். "அலுத்துப்போச்சிப்பா" என்றாய். படிப்பு முடியப் போகிறது, புத்தி வந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். அதே சமயத்தில்தான் கொளஞ்சி களிமண் குழியில் சரிந்து விழுந்து, கடப்பாரை முனை முழங்காலுக்குக் கீழே குத்தி மறுபக்கம் வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். புண் சீழ் பிடித்து, ஆறுவதற்குள் கால் மடங்காமல் கம்பாகிவிட்டது. இரண்டு செய்தியும் ஒரே வாரத்தில் நடந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. மண் வெட்ட முடியாதவனை என்ன செய்வது? பட்டறை வாசலில் உட்கார்ந்து, கப்புகளுக்கு இடையில் வைக்கோல் வைத்துக் கூடையில் அடுக்குகிற வேலையைக் கொடுத்தேன். நான் நல்ல முதலாளி என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

நீ சென்னைக்கு வேலைக்குப் போனாய். தீபாவளிக்கு வந்தால் பட்டறை வாசல் வழியாக வரமாட்டாய், பின்பக்கத்து முள்வேலியைத் தாண்டிக்கொண்டு வருவாய். "தம்பி வந்துருக்காராமே" என்று கொளஞ்சி கேட்பான். நீ குளிக்கிறாய், தூங்குகிறாய், வெளியே போயிருக்கிறாய் என்று உன் அம்மா ஏதாவது சொல்வாள். பட்டணத்துக்குப் போனதும் தலைக்கனம் ஏறிவிட்டது, களிமண் வெட்டியவனோடு பேசக் கௌரவம் தடுக்கிறது என்று உன்னைத் திட்டினேன். நினைவிருக்கிறதா? நீ தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தையும் தலைக்கனத்தோடு சேர்த்துக் கணக்கில் வைத்தேன்.

சரி, விற்பனைக்கு வருகிறேன். சேத்தியாத்தோப்பில் இரும்புக்கடை வைத்திருக்கும் உசேன் பாயை உனக்குத் தெரியாது. வெள்ளாற்றங்கரையில் அவருக்கு நிலம் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, பழைய துப்பாக்கி என்றால் ஒரு ஆசையும் இருக்கிறது. சொல்லி அனுப்பினேன். அவர் வருவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். ரைபிள் கட்டையின் கழுத்தில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஒரு தேர்தல் சமயத்தில் வழக்கம்போல எல்லோருடைய துப்பாக்கியையும் ஸ்டேஷனில் வாங்கிவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள் அல்லவா, வீட்டில் வந்து துடைக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். விறகைப் போல அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று இத்தனை வருடமாகப் போலீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வெடிப்பில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, மேலே வார்னிஷ் பூசினேன். கீறல் விழுந்த கப்பைக் கிளேஸ் போட்டு மறைத்து விற்கிறவர்களை வாய் நிறையத் திட்டுகிற நான்தான் இதைச் செய்தேன். உனக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டால் எதையும் பூசலாம் போலிருக்கிறது.

பாய் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். டீ வந்தது. குடிப்பதற்கு முன்னால் ரைபிளை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வெள்ளைக் காகிதத்தை வெளிச்சத்தில் வைத்துக் குழலுக்குள் பார்த்தார். "உள்ள நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். போல்ட்டை இழுத்தார், தள்ளினார், "பரவாயில்ல" என்றார். கட்டையின் மேல் கையை ஓட்டிக்கொண்டே வந்து கழுத்தில் நிறுத்தினார். புது வார்னிஷ் மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று. நகத்தால் சுரண்டினார். அடைத்த தூள் உதிர்ந்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

"இது எப்புடி ஆச்சுங்க?"

"எலெக்சன் சமயத்துல ஸ்டேஷன்ல போட்டு வெச்சிருந்தாங்க பாய். அங்க ஆனது."

அவர் தலையை ஆட்டினார், ஆனால் கையை எடுக்கவில்லை. ரைபிளைத் திருப்பி முனையில் இருக்கும் குறிமுள்ளைக் காட்டினார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இத்தனை வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

"சாத்தி வெச்சி சரிஞ்சா கட்டையோட அடியிலதான் அடிபடும். இது மொதல்ல மூக்கு குத்தி, அப்பறம் கழுத்து ஒடஞ்சிருக்குது. ஓடுறவன் கையிலேருந்து வுழுந்தாத்தான் இப்புடி ஆவும்" என்றார். பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, "எதுக்கு ஓடுனாங்களோ, பன்னி தொரத்தியிருக்கும்" என்று அவரே சிரித்துச் சமாளித்தார்.

விலை சொன்னார். நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, ஆனால் நியாயமான விலை. கட்டை மாற்ற வேண்டும், இந்தக் காலத்தில் இதை மறுபடி விற்க ஆள் கிடையாது, எனக்கு ஆசை என்பதால் வாங்குகிறேன் என்றார். உன் ஏஜெண்டுக்கு அது போதும். நான் சரி என்றேன். மனதுக்குள் பம்பாய்க்கு மணியார்டரே அனுப்பிவிட்டேன். அப்போது அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம பக்கத்துக் கேள்வி ஒண்ணு பாக்கி இருக்குது. கூட நடந்தது யாருங்க?" என்று கேட்டார்.

அவன்தான் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறானே! கூப்பிட்டேன். வைக்கோல் துகளைத் தட்டிவிட்டு, தரையில் கையை ஊன்றி எழுந்து, காலை வட்டம் போட்டு வீசி வீசி வந்தான். பாய் விஷயத்தைச் சொன்னார். கொளஞ்சி ரைபிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வித்துத்தான் தம்பிக்குப் பணம் அனுப்பணும்ங்களா, மொதலாளி?" என்றான்.

"ஆமாம்பா. துபாய் போறான்" என்றேன்.

உடனே அவன் குனிந்து, இரண்டு கையாலும் ரைபிளைத் தூக்கினான். "இது மனுசனத் தொட்டதில்லீங்க" என்றான். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பாய் வாங்கக் கையை நீட்டினார். அப்போதுதான் நான் பார்த்தேன். ரைபிளின் முனை தாழ்ந்து அவன் பக்கமாகத் திரும்பியதும், கொளஞ்சி அந்த மடங்காத காலை இழுத்து நல்ல காலுக்குப் பின்னால் வைத்து மறைத்துக்கொண்டான். உள்ளே தோட்டா இல்லை என்று அவனுக்குத் தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை.

மகனே, எனக்கு யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஓடுகிறவன் கையிலிருந்து விழுந்த ரைபிள், அதே வாரத்தில் அலுத்துப்போன வேட்டை, பின்பக்கத்து முள்வேலி, தலை குனிந்து கேட்டுக்கொண்ட உன் முகம். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் எதிரே நின்றன. நான் எழுந்து பாயின் கையைப் பிடித்தேன். "மன்னிச்சிக்குங்க பாய், இத நான் விக்கல" என்றேன். அவர் என்னையும் பார்த்தார், கொளஞ்சியின் காலையும் பார்த்தார். விவரம் தெரிந்த மனிதர். "அல்லா லேசாக்குவான். நான் போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். மிச்சம் இருந்த டீயைக் குடிக்கவில்லை.

அவர் தலை மறைந்ததும் கொளஞ்சி என் மேல் பாய்ந்தான். நம் பட்டறையில் இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். "ஏங்க கெடுத்துட்டீங்க? துப்பாக்கியத் தூக்கி, வாய் கூசாம ஒரு பொய் சொன்னேனே, அது தம்பி நல்லாருக்கணும்னுதான? வெலையும் படிஞ்சி, ஆளும் கைய நீட்டுன பொறவு வுட்டுட்டீங்களே!" என்றான். நான் அவனைக் கீழே உட்கார வைத்து, நானும் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தேன். சொல்லு என்றேன். சொல்ல மாட்டேன் என்றான். நான் அழுதுவிட்டேன். அதற்குப் பிறகுதான் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையைக்கூட நான் கூட்டவில்லை.

"பொழுது அப்பத்தான் கெளம்புது. மொசலு ஒண்ணு பொதருல பூந்துட்டுது. நான் அத வெரட்டிவுட அந்தாண்ட போனேன். தம்பிக்கு நான் தெரியல. பொதரு ஆடுறதப் பாத்து சுட்டுட்டாரு. அது தப்பு இல்லீங்க, நான்தான் கொரல் குடுத்துருக்கணும். கால்ல நெருப்பு வெச்சாப்ல இருந்துச்சி, வுழுந்துட்டேன். தம்பி ஓடியாந்து பாத்தாரு. மொகம் வெளுத்துப்போச்சி. துப்பாக்கியக் கீழ போட்டுட்டு ஓடுனாரு. பயந்துட்டாரு, சின்னப் புள்ளதான? கொஞ்ச நேரங்கழிச்சித் திரும்பி வந்தாரு. என்னத் தூக்கத்தான் வர்றாருன்னு கையை நீட்டுனேன். துப்பாக்கிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. சரி, அத வூட்டுல வெச்சிட்டு ஆளு கூட்டியாரத்தான் போறாருன்னு நெனச்சிக்கிட்டேன். வெயிலு ஏறுச்சி. வந்துடுவாரு, வந்துடுவாருன்னே பாத்துக்கிட்டு இருந்தேன். உச்சி வெயிலுல மாடு மேய்க்கிறவங்க பாத்துத் தூக்கியாந்தாங்க."

கடப்பாரை குத்தியது என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "மாடு மேய்க்கிறவங்க கேட்டாங்க. தோப்பு ஓரத்துலதான நம்ம மண்ணு குழி, அதுல வுழுந்துட்டேன்னு அப்ப வாயில வந்தத சொல்லிட்டேன். பொறவு அதையே சொல்லும்படியா ஆயிடுச்சி" என்றான். உன்மேல் வருத்தம் இல்லையா என்று கேட்டேன். வைக்கோலைப் பிரித்து அடுத்த கூடையில் வைத்தான். "காலப் பத்தி இல்லீங்க. ஒரு தடவ வந்து எப்புடி இருக்கன்னு கேட்டுருக்கலாம்" என்றான்.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். புதர் ஆடியதைப் பார்த்துச் சுட்டதற்காக உன்னிடம் எனக்குக் கோபமே இல்லை. அது யாருக்கும் நேரும். பயந்து ஓடியதற்குக்கூட இல்லை. அந்த வயதில் நானாக இருந்தால் ஓடியிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் கிடையாது. ஆனால் நீ திரும்பி வந்தாயே! அதை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி வருகிற அளவுக்கு உனக்குத் தைரியம் வந்திருக்கிறது. கையை நீட்டிக்கொண்டு ஒருவன் கிடக்கிறான். நீ குனிந்து எடுத்தது ரைபிளை. அப்பாவின் லைசென்ஸ், அப்பா திட்டுவார் என்ற நினைப்பு உனக்கு இருந்திருக்கும். என் மேல் இருந்த பயம்தான் உன்னை அப்படிச் செய்ய வைத்தது என்றால், நான் வளர்த்த லட்சணத்தை நினைத்து எங்கே போய் முட்டிக்கொள்வேன்? பட்டறையில் கப்பைத் தட்டிப் பார்க்கக் கை வரவில்லை, தட்டினாலும் காதில் விழவில்லை.

உன் அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அடுப்படியில் நின்றவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "முள்ளுவேலி தாண்டி வந்தானே, கால்ல கீறி ரத்தம் வந்தாலும் அந்தப் பக்கமே வந்தானே, பெத்தவ எனக்கு ஒறைக்கலியே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் உன்னைத் திட்டவில்லை. இத்தனை வருடம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நீ எப்படித் தூங்கினாய் என்பதுதான் அவளுடைய கவலை. அம்மாக்களுக்குக் கவலை எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கு இந்த வயதிலும் புரியவில்லை. மறுநாள் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு கொளஞ்சி வீட்டுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. கண் வீங்கி வந்தாள்.

ரைபிளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். லைசென்ஸையும் கொடுத்துவிட்டேன். "நல்ல சாமானாச்சேங்க, வித்துருக்கலாமே" என்று அங்கே இருந்தவர் கேட்டார். விலை போகவில்லை என்றேன். அது பொய் இல்லை. ஒரு ரைபிளின் குழலைப் பார்க்கத் தெரிந்தது, போல்ட்டைப் பார்க்கத் தெரிந்தது, கழுத்து வெடிப்பைப் பார்க்கவும் மறைக்கவும் தெரிந்தது. என் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கத் தெரியவில்லை. நீ போகிற ஊரில் புதுப்புது சாமான்களாக வாங்குவாய், ரேடியோ, கடிகாரம் என்று. வாங்கு, சந்தோஷமாக வைத்துக்கொள். ஆனால் ஒரு பொருளுக்கு விலை சொல்வதற்கு முன்னால், அதனால் யாருக்கு வலித்தது என்று கேட்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே. அது மூட நம்பிக்கை என்று சிரிப்பார்கள், நானும் சிரித்தவன்தான்.

உன் ஏஜெண்டுக்கு உள்ள பணத்தை வேறு வழியில் புரட்டிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அதுவும் வந்திருக்கும். எந்த வழி என்று கேட்காதே. இதற்கு நிபந்தனை எதுவும் இல்லை. நீ ஊருக்கு வந்தால்தான் பணம் என்று எழுத ஒரு கணம் நினைத்தேன், எழுதியும் அடித்துவிட்டேன். பணத்துக்காக நீ வந்தால் அந்த வருகை எனக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம். போக வேண்டும் என்று இருந்தால் அங்கிருந்தே போ. பத்திரமாக இரு, வேளைக்குச் சாப்பிடு, மாதம் ஒரு கடிதமாவது அம்மாவுக்குப் போடு. நாங்கள் உன்னை வெறுக்க மாட்டோம், அது எங்களால் முடியாது.

ஆனால் வந்தால், ரயில் ஸ்டேஷனில் இறங்கி நேராகப் பட்டறை வாசலுக்கு வா. வீட்டுக்குப் பிறகு வரலாம், அம்மா காத்திருப்பாள். கையில் ஒன்றும் கொண்டுவராதே, பழமோ வேட்டியோ எதுவும் வேண்டாம். அவன் எழுந்திருக்கப் பார்ப்பான், எழவிடாதே. நீ போய் அவன் பக்கத்தில் உட்கார். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்லாதே, ஒரு கூடையை இழுத்து வைத்துக்கொண்டு அவனோடு சேர்ந்து வைக்கோல் வை. பேச்சு அவனே எடுப்பான்.

நேற்று நான் அவனிடம் இப்படி ஒரு கடிதம் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். கோபித்துக்கொள்வானோ என்று பயந்தேன். வைக்கோல் வைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தான். "வருவாருங்க. அன்னிக்கே ஆளு கூட்டியாரத்தான் போனாரு" என்றான்.

உன் அப்பா